ஆசியாவின் வால்

உலகம் வெந்தய வாசனை அடிக்கும் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் முதன்முதலில் தொட்ட உலகம் அப்படித்தான் மணத்தது. பழைய காகிதமும் ஊறிய வெந்தயமும் உரலில் மசிந்து, எங்கள் வீட்டுப் பானையின் முதுகில் காய்ந்து, பங்குனி வெயிலில் பிறந்த உலகம் அது. அதைப் பெற்றவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி என் அம்மா. மற்றவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. எங்கள் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அந்த வகுப்பில் நானும் ஒரு பிள்ளை. வீட்டில் அத்தை, பள்ளியில் டீச்சர். மாற்றிக் கூப்பிட மறந்தால் காதில் ஒரு திருகு விழும், அவ்வளவுதான் எனக்கிருந்த சலுகை.

அப்பா மலேயாவில் இருந்தார். அவர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். எனக்குத் தெரிந்த அப்பா சுவரில் சட்டத்துக்குள் இருந்தார், தொப்பி வைத்துக்கொண்டு, எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டவர்போல. வருகிறேன் வருகிறேன் என்று எழுதுவார். பிறகு அதுவும் குறைந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது அத்தையின் சம்பளத்தில். அந்த வேலையும் இன்னும் நிரந்தரமில்லை. இன்ஸ்பெக்டர் வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து, சரி என்று எழுதினால்தான் அது அவளுடைய வேலை. முந்தைய வருடம் பக்கத்து ஊரில் ஒரு டீச்சர் கரும்பலகையில் காவிரியை இடம் மாற்றி வரைந்துவிட்டாள் என்று அதே இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். இந்தக் கதையைத் தலைமையாசிரியர் வாரம் ஒருமுறை அத்தைக்கு ஞாபகப்படுத்துவார், நல்லெண்ணத்தோடுதான்.

எங்கள் பள்ளியில் உலக உருண்டை கிடையாது. இருந்த ஒரே தேசப்படமும் சமஸ்தானத்துக் காலத்தது. கரையான் இந்துமாக்கடலைத் தின்று முடித்துவிட்டு ஆப்பிரிக்காவில் கரையேறியிருந்தது. கண்டம், சமுத்திரம், அரைக்கோளம் என்று பாடம் வந்தபோது, பெயர்களை ஒப்பிக்க வைத்தால் போதும் என்றார் தலைமையாசிரியர். அத்தைக்கு அது போதவில்லை. கையால் தொடாத ஒன்றைப் பிள்ளைகள் வாயால் ஒப்பிப்பது அவளுக்கு ஆகாது. வீட்டுக்கு வந்து, அம்மா காகிதக்கூழில் கூடை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மா பானையைக் கவிழ்த்து, அதன் அடியில் ஈரத்துணி போர்த்தி, கூழை அப்பித் தட்டிக்கொண்டிருந்தாள். அத்தை சட்டென்று உட்கார்ந்து, இதுபோல் ரெண்டு வேணும் அத்தாச்சி, ஒரே பானையில, ஒரே அளவுல என்றாள். எதுக்கு என்று கேட்டாள் அம்மா. உலகத்துக்கு என்றாள் அத்தை.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பே காகிதம் பொறுக்கியது. கடலைப் பொட்டலம், கல்யாணப் பத்திரிகை, கிழிந்த வாய்ப்பாடு, யார் வீட்டிலோ அலமாரியில் விரித்திருந்த பழைய செய்தித்தாள். எல்லாம் எங்கள் உரலில் ஊறி, எழுத்தழிந்து, சாம்பல் நிறக் கூழாயிற்று. காய்ந்த இரண்டு பாதிகளையும் அத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தாள். வட அரைக்கோளத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் போலீஸ்காரனாகி நடந்தான். தென் அரைக்கோளத்தில் ஒருத்தி புளியங்கொட்டை போட்டுக் குலுக்கினாள். அத்தை தடுக்கவில்லை. விளையாடி ஓய்ந்த பிறகு இரண்டையும் சேர்த்து உருண்டையாக்கி, இதில் நாம எந்தப் பாதியில இருக்கோம் என்று கேட்டாள். மேல்பாதி என்றதும் வகுப்புக்கே பெருமை. கீழ்ப்பாதிக்காரர்கள் வௌவால்போலத் தொங்குவார்களா என்ற கவலை உடனே வந்தது. அத்தை ஒரு பரங்கிக்காயை எடுத்து, அதில் ஓர் எறும்பை விட்டாள். எறும்பு மேலே போயிற்று, கீழே போயிற்று, எங்கேயும் விழவில்லை. கீழே போனபோது அது பயந்ததாகவும் தெரியவில்லை. நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்தோம். இன்றும் நான் எங்கே போனாலும், எந்த ஊரின் எந்தத் தெருவில் தடுமாறினாலும், அந்த எறும்பு என் முன்னால் நடக்கிறது.

இரண்டு பாதியும் சேரும் இடத்தில் நிலநடுக்கோடு. அதற்குக் கயிறு வேண்டும் என்றதும் ஒரு பையன் சற்றும் யோசிக்காமல் தன் அரைஞாணை அறுத்துக் கொடுத்துவிட்டான். மறுநாள் அவன் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்று, பாடஞ் சொல்லிக் குடுக்கச் சொன்னா பிள்ளையோட அரைஞாணையா உருவுறது என்று கேட்டாள். அத்தை உருண்டையைக் காட்டினாள். உலகத்தின் இடுப்பில் தன் மகனின் கயிறு இருப்பதை அவள் பார்த்தாள். போகும்போது இன்னொரு முடிச்சு இறுக்கிப் போட்டுவிட்டுப் போனாள்.

கடலுக்கு வேட்டிக்குப் போடும் நீலம் கரைத்தோம். கட்டுமாவடியிலிருந்து வந்து மாமன் வீட்டில் தங்கிப் படித்த ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்க ஊர்க் கடலு இந்தக் கலரு இல்ல டீச்சர், கலங்கலா இருக்கும் என்று அடம்பிடித்தான். அத்தை அவனையே கூப்பிட்டு, கொஞ்சம் வண்டல் கரைத்து நம் கரையோரத்தில் பூசச் சொன்னாள். கடலைப் பார்த்தவன் சொன்னால் அதுதான் சரி என்றாள். அதனால் எங்கள் உலகத்தில் இலங்கைக்கும் நமக்கும் இடையே கடல் கலங்கலாகத்தான் கிடந்தது. வேறு எந்த உருண்டையிலும் நான் அவ்வளவு உண்மையான கடலைப் பார்த்ததில்லை.

கண்டங்களை அத்தை காகிதத்தில் வெட்டினாள். ஆப்பிரிக்காவுக்குச் செம்மண், ஆசியாவுக்கு மஞ்சள், துருவங்களின் பனிக்குச் சுண்ணாம்பு. ஆசியாவின் வடக்கு ஓரத்தில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் குங்குமமாய்ச் சிவந்துவிட்டது. பனி பட்டு நாடு சிவக்குமா என்று நாங்கள் வாயைப் பிளக்க, அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

கண்டங்களை ஒட்டியது எங்கள் வீட்டு முற்றத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்தியாவின் பக்கத்துத் தாளை ஒட்டி முடித்து, ஆசியாவின் கிழக்குத் துண்டைக் கையில் வைத்திருந்தாள் அத்தை. அதன் அடியில் மாட்டு வால்போல ஒரு சின்ன நீட்டம் தொங்கியது. அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே குனிந்து பார்த்தாள்.

"ஏன்த்தா, ஒங்கண்ணன் இருக்க சீமை இதுல எங்கிட்டு இருக்கு?"

அந்த வால்தான் மலேயா. ஒட்டினால் நம் கரையிலிருந்து நாலு விரற்கடை. அத்தையின் கை நின்றது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், அங்கிருந்து திரும்பிய ஒருவர் பள்ளி வாசலில் அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவுக்கு அங்கே வேறொரு வீடு இருந்தது, வேறொரு மனைவி இருந்தாள், அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. எனக்கு இது தெரிய வெகுகாலம் ஆயிற்று. அத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. அன்று முற்றத்தில் நான் பார்த்ததெல்லாம் கத்தரி ஒருமுறை வாயை மூடியதை மட்டும்தான். வால் அறுந்து விழுந்தது. அத்தை அதை எடுத்து, உருண்டையை அந்தப் பக்கம் திருப்பி, பசிபிக் பெருங்கடலின் நட்டநடுவில், அக்கம்பக்கத்தில் ஒரு துரும்புகூட இல்லாத நீலத்தில் ஒட்டினாள்.

"இங்கிட்டு இருக்கு, அத்தாச்சி."

அம்மா ஒரு கையை நம் ஊர் இருக்கும் மஞ்சளில் வைத்துக்கொண்டு, மறு கையால் அந்தத் துண்டைத் தடவினாள். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை. ஒன்றைப் பார்த்தால் மற்றது உலகத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.

"அம்புட்டுத் தொலவா," என்றாள். "அதான் அவுகளால வர முடியல."

ஆமாம், ரொம்பத் தொலவு என்றாள் அத்தை, பசைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு. அம்மா பிறகு அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. முகம் தெளிந்தவள்போல நடமாடினாள். அதைப் பார்த்து அத்தைக்கும் இரவில் தூக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கோ புதிதாக ஓர் அப்பா கிடைத்தார். சட்டத்தில் இருந்தவரைத் தொட முடியாது, இவரைத் தொடலாம். தினமும் சாயங்காலம் உருண்டையைத் திருப்பி அந்தத் துண்டில் விரலை வைப்பேன். கண்ணை மூடிக்கொண்டும் இடம் தெரியும் எனக்கு.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் வந்தது. வால் போன ஆசியாவும், கடல் நடுவே மிதக்கும் மலேயாவுமாக உலகம் அவர் முன்னால் நிற்கப்போகிறது. அதை எடுத்துப் பழைய இடத்தில் ஒட்ட அத்தைக்கு எத்தனையோ வேளை இருந்தது. ஆனால் அம்மா எப்போதும் பக்கத்திலேயே இருந்தாள், உருண்டையைப் பள்ளிக்குச் சுமந்து வரப்போகிறவளும் அம்மாதான். எடுத்தால் அம்மாவிடம் என்ன சொல்வது? அத்தை எடுக்கவில்லை. வகுப்பறையைக் கூட்டிப் பெருக்க முன்னாலேயே போய்விட்டாள். நான் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தபோது அம்மா உருண்டையைத் துண்டால் போர்த்தி முடிந்திருந்தாள். சும்மாடு வைத்து, அதன்மேல் உலகத்தை ஏற்றிக்கொண்டு, வெற்றிலை மென்றபடி வரப்பில் நடந்தாள். தண்ணீர்க்குடம் தூக்குகிற அதே நடை.

போர்த்தியிருந்த துணியை விலக்கியதும் இன்ஸ்பெக்டர் முகத்தில் ஆச்சரியம் ஏறியது. அரைஞாண் கதையைக் கேட்டார். கலங்கல் கடலைக் கேட்டுவிட்டு, கட்டுமாவடிப் பையனை முதுகில் தட்டினார். பரங்கிக்காய் எறும்பைத் தலைமையாசிரியரே எடுத்துச் சொன்னார், தான் கண்டுபிடித்ததைப்போல. அத்தை உருண்டையை அதிகம் சுழற்றாமல், பசிபிக்கைச் சுவர்ப்பக்கமே வைத்துப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தாள். முடியும் தறுவாயில் இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்து, யார் வீட்டிலாவது கடல் தாண்டிப் போயிருக்கிறார்களா என்று கேட்டார்.

நான் எழுந்தேன். எழாமல் எப்படி இருப்பேன்? எங்கப்பா மலேயாவுல இருக்காக என்றேன். எங்கே, காட்டு பார்ப்போம் என்றார். அத்தை சாக்பீஸை இறுகப் பிடித்துக்கொண்டு கரும்பலகையில் சாய்ந்துவிட்டாள். நான் உருண்டையைத் திருப்பினேன். விரல் தானாகப் போய் நின்ற இடத்தில் வெறும் நீலம் இருந்தது. காகிதம் உரிந்த ஒரு வெளிறிய தழும்பு இருந்தது.

"எங்கப்பாவக் காணோம், டீச்சர்," என்றேன். அழுதுவிட்டேன்.

வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. உருண்டையை மெல்லத் திருப்பி, என் விரலைப் பிடித்து, ஆசியாவின் அடியில் வைத்தார். வால் அதன் இடத்தில் இருந்தது. அறுந்த தடமே தெரியாமல் பொருந்தியிருந்தது.

"இந்தா இருக்காரே, பக்கத்துலதானே இருக்கார்," என்றார். பிறகு குனிந்து, அங்கே தெரிந்த ஒரு சிவப்பைக் காட்டி, இது என்ன ஊரம்மா என்று அத்தையைக் கேட்டார்.

மஞ்சளில் கட்டைவிரல் அளவு குங்குமச் சிவப்பு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரல் பதிந்த அடையாளம். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவள் அம்மா ஒருத்திதான். அத்தை அதைப் பார்த்தாள், வகுப்பு வாசலைப் பார்த்தாள். அங்கே சும்மாட்டுத் துணியை உதறி மடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள்.

அது ஊர் இல்லை, ஒட்டும்போது பட்ட சுண்ணாம்புங்க என்றாள் அத்தை. இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, சரி என்றுதான் எழுதினார். சரி என்பதற்கு மேலேயும் இரண்டு வார்த்தை எழுதினார் என்று தலைமையாசிரியர் ஊரெல்லாம் சொன்னார்.

அவர்கள் போன பிறகு அத்தை வாசலுக்கு வந்தாள். அம்மாதான் சொன்னாள், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கூடைக்குப் பொத்தல் அடைத்ததைச் சொல்வதுபோல.

"வெட்டுன எடத்துலயே ஒட்டிட்டேன், ஆத்தா. நீ வெட்டும்போது நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அத்தை சும்மாட்டுத் துணியை வாங்கி முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அவள் முதுகில் கை வைத்தாள். பாஸான டீச்சர் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

எனக்கு வேறு அவசரம் இருந்தது. அன்றைக்கு அந்த ஊரிலேயே மிகவும் சந்தோஷமாக இருந்தவள் நான்தான். உலகத்துக்குப் பின்னால், யாரும் எட்ட முடியாத நீலத்தில் கிடந்த அப்பாவை அம்மா ஒரே காலையில் நாலு விரற்கடை தூரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாளே. இவ்வளவு பக்கத்தில் இருப்பவர் வராமல் என்ன செய்வார்? வீட்டுக்கு ஓடி வந்து, அப்பாவுக்கும் சேத்து ஒலை வையிம்மா என்றேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை. அரிசிப் பானைக்குள் கைவிட்டு, அளந்து போட்டதற்கு மேல் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

மறுநாள் காலை அந்தச் சோறு தண்ணீர் ஊற்றி இருந்தது. வெங்காயம் கடித்துக்கொண்டு நானே அதைக் குடித்தேன். நடுவில் கடல் கலங்கலாக இருக்கிறதே, அதனால்தான் கப்பல் கொஞ்சம் மெதுவாக வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.