டிரைவர் தப்பி ஓடிவிட்டார்

பழைய பேப்பர்களில் விபத்துச் செய்தி படித்தவர்களுக்கு அதன் கடைசி வரி மனப்பாடமாக இருக்கும்: 'டிரைவர் தப்பி ஓடிவிட்டார்.' கடலூரில் பதினெட்டு வருஷம் பகுதி நேர நிருபராக இருந்த நான் அதை எத்தனை முறை எழுதினேனோ தெரியாது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் கார்பன் வைத்து எழுதிய பத்துத் தாள் எப்போதும் தயாராக இருக்கும். பெயர், ஊர், வண்டி, இவற்றுக்கு மட்டும் இடம் விட்டிருப்பேன். கடைசி வரி முன்கூட்டியே எழுதியாகியிருக்கும். அது இல்லாவிட்டால் ஆபீஸிலிருந்து போன் வரும்: "டிரைவர் என்னய்யா ஆனான்?"

என்ன ஆனான் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. சோம்பேறித்தனம்தான், வேறு பெயர் வைக்க வேண்டாம்.

போன மாதம் ஆலப்பாக்கம் அருகே நாய் குறுக்கே வந்து ஸ்கூட்டரோடு விழுந்தேன். பின்னால் வந்த மினி லாரிக்காரர் என்னைத் தூக்கிக் கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். என் வயதுதான் இருக்கும். வெள்ளைத் தாடி, இடது காலை இழுத்து நடந்தார். எனக்குக் கட்டுப் போட்டு முடிந்த பிறகும் அவர் போகவில்லை. அங்கிருந்த போலீஸ்காரரிடம், "முஹம்மது யூசுப், சிதம்பரம். வண்டி நம்பரும் எழுதிக்கோங்க சார்" என்று விடாமல் நின்றார்.

"நாய் குறுக்க வந்ததுக்கு ஒன் பேரு எதுக்குய்யா? போ" என்றார் போலீஸ்காரர். அப்படியும் எழுத வைத்துவிட்டுத்தான் யூசுப் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"லோடு நிக்குதுல்ல, கெளம்புங்க பாய்" என்றேன்.

"இருக்கேன் சார். ஒரு தடவ ஓடிட்டான்னு பேப்பர்ல போட்டுட்டாங்க. அதுலேர்ந்து பழக்கமாயிடுச்சி."

1997இல், அதே சாலையில், சடையப்பன் என்ற பால்காரரின் சைக்கிள் இவர் ஓட்டிய லாரியில் மோதியிருக்கிறது. சிநேகிதர் ராஜாமணியின் வேன் அந்த வழியாக வர, அதில் சடையப்பனை மடியில் கிடத்திக்கொண்டு இதே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். ரத்தம் கொடுத்துவிட்டு, தானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் பேப்பரில் இவர் பெயரைப் போட்டு, 'தப்பி ஓடிவிட்டார்.' மூன்றாம் நாள் சடையப்பன் இறந்தார். கோர்ட்டில் யூசுப் மேல் தப்பில்லை என்றாகிவிட்டது. அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. வேலை போனது. லாரி ஸ்டாண்டில் 'ஓட்டம் யூசுப்' என்ற பெயர் நின்றது. அதன்பின் வழியில் எந்த விபத்தைப் பார்த்தாலும் இறங்கி, போலீஸ் வரும்வரை நிற்பார். புதுச்சத்திரத்தில் ஒருமுறை அப்படி நின்றபோது, இவர்தான் இடித்தவர் என்று ஜனங்கள் அடித்ததில் அந்தக் கால் போனது.

"அப்பவாவது ஓடியிருக்கலாமே?"

"எப்படி சார் ஓடறது?" என்றார்.

எனக்கு அந்தச் செய்தி நினைவேயில்லை. ஆனால் அவர் சொன்ன பேப்பருக்கு அப்போது கடலூரில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. ஸ்டேஷனுக்கு போன் போட்டு டிரைவர் பெயரைக் கேட்டு எழுதியிருப்பேன். ஓடிப்போனவன் பெயர் அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கிடைத்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரே அங்கே உட்கார்ந்து சொன்ன பெயர் அது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. மூடிக்கொண்டுதான் இருந்தேன், ஒரு டீ குடிக்கிற நேரம். அவமானம் பிடுங்கித் தின்றது.

"பாய், அத எழுதினது நான்தான்."

அவர் என்னையே பார்த்தார். "யாரு சொன்னாங்க சார் ஒங்களுக்கு?"

"யாரும் சொல்லல. எல்லா விபத்துக்கும் அப்படித்தான் எழுதறது."

"ராஜாமணி சொல்லலியா?"

"அவர எனக்குத் தெரியவே தெரியாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு எங்கூட இருந்தது அவன் ஒருத்தன்தான். அவன் சொல்லாம பேப்பருக்கு எப்படிப் போவும்னு நெனச்சேன். புள்ளைங்க மேல சத்தியம் பண்ணான் சார். நான் நம்பல. அடுத்த தெருதான், பேசவேயில்ல. போன வருஷம் செத்தான். சாவுக்கும் போவல."

மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அவர் நிமிர்ந்து, "அவன் சம்சாரம் இருக்கு. நீங்க சொன்னத எழுதிக் குடுங்க" என்றார்.

மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதினேன். 'டிரைவர் ஓடவில்லை. ராஜாமணி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் யாரையும் விசாரிக்காமல் எழுதினேன்.' கீழே கையெழுத்துப் போட்டேன். பேப்பரில் எந்தச் செய்திக்குக் கீழேயும் என் பெயர் இருந்ததில்லை.

அவர் அதை இரண்டு முறை படித்து, சட்டைப் பையில் வைத்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், காலை இழுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.