சாம்பல் சட்டமும் கறுப்புக் கோடும்

நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். உத்திரமேரூரைச் சுற்றி ரோஸ், பச்சை, ஆரஞ்சு என்று கேட்ட நிறத்தையெல்லாம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் வீடு மட்டும் ஆறு வருஷமாக வெறும் சிமெண்டுப் பூச்சோடு நின்றது. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் என் தங்கை கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்ததும் அதற்கு ஒரு வழி பிறந்தது.

போனில் படங்களைக் காட்டினாள். மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்து, நடுவில் மண் அடைத்துப் பூசிய வீடுகள். சட்டத்துக்கு ஒரு நிறம், இடையில் உள்ள சுவருக்கு வேறொரு நிறம்.

“எல்லா ஊர்லயும் ஒரே கலர்னு நெனச்சுக்காதண்ணா. நான் கீற பக்கம் மாட்டு ரத்தம் மாதிரி செவப்பு. இன்னொரு பக்கம் போனா கருப்பும் வெள்ளையும். வடக்கால ஆப்பிள் தோட்டம் கீற ஊருங்கள்ல மரத்துக்கு வெள்ளை அடிச்சு, நடுவுல செங்கல்லு.”

எனக்கு அந்தச் சிவப்பு பிடித்துப்போயிற்று.

“மரமே இல்லாத வூட்டுக்கு மரக் கலரா?” என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை. சுவர் முழுக்க வெள்ளை அடித்து, நூல் பிடித்துக் கோடு தட்டி, மரச்சட்டம் போலவே சிவப்புப் பட்டைகளை இழுத்தேன். இரண்டு நாள் வேலை.

மூன்றாம் நாள் காலை, பக்கத்து ஊரான காவாந்தண்டலத்துக்கு நடந்து போகிற ஒரு அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

“இன்னா சாமிப்பா இங்க?”

“வூடும்மா இது. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க” என்றாள் மனைவி.

“அடக் கடவுளே, கோயில் செவுராட்டம் வெள்ளையும் செவப்புமா கீதேன்னு கும்புட்டேன்” என்று அவரே சிரித்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நடந்தார். தங்கை சிரித்துச் சிரித்து மணல்மேல் உட்கார்ந்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை. “மாத்திடு” என்றாள்.

தங்கை வேறொரு படத்தைத் தேடி எடுத்தாள். அதில் சட்டங்கள் சாம்பல் நிறம். ஒவ்வொரு சட்டத்தையும் ஒட்டி, விரற்கடை தள்ளி, வெள்ளைச் சுவரில் மெல்லிய கறுப்புக் கோடு.

“அந்தக் கோடு எதுக்கு?”

“மரம் கோணலா இருக்குமாம். கோட்ட நேரா போட்டா, பாக்கிறவங்களுக்கு மரமும் நேரா தெரியும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாட்டிலும் கொத்தனும் தச்சனும் விட்ட கோணலைப் பெயிண்டர்தான் மறைக்கிறான். என் வீட்டின் சமையலறைப் பக்கத்து மூலையைப் பூசியது நானேதான். நேராக இருக்கிறதா என்று தூக்குக் குண்டு விட்டுப் பார்க்கச் சோம்பல்பட்டதில் அது அப்போதிலிருந்தே சாய்வாகத் தெரிந்துகொண்டிருந்தது.

சிவப்பை மறைத்துச் சாம்பல் அடித்தேன். காய்ந்ததும் ஒல்லி பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகக் கோடு போட்டேன். தங்கை ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும் அவ்வளவு நிதானமாக வேலை செய்ததில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

முடித்ததும் மூவரும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தோம். சமையலறை மூலை நேராக இருந்தது.