கமிட்டி முன்னால் கடித்த சீடை

ஆவுடையாள் பிறந்தவுடன் அழவில்லை, பிரசவம் பார்த்த மருத்துவச்சியிடம் ஏதோ விளக்கம் கேட்டாள் என்று அவள் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதைக் கொஞ்சம் குறைத்து நம்பலாம். ஆனால் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் யாரையும் சும்மா விட்டதில்லை என்பது நிஜம். விக்கல் ஏன் வருகிறது, கோழிக்கு ஏன் பல் முளைக்கவில்லை, அழுதால் மூக்கு ஏன் ஒழுகுகிறது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். பதில் சொல்லி ஓய்ந்துபோன ஆத்தா தனலட்சுமி, "இதையெல்லாம் டாக்டரப் போயிக் கேளு" என்று ஒருநாள் சலித்துக்கொண்டாள். டாக்டரைத் தேடிப் போவதைவிடத் தானே டாக்டராகிவிடுவது மேல் என்று மகள் அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

திருமயத்துக்குப் பக்கத்தில், பெரிய பெரிய வீடுகளும் அவற்றுக்குள் சின்னச் சின்னக் குடும்பங்களுமாக இருந்த செட்டியார் ஊர் அது. அவள் அப்பச்சி என்று கூப்பிடும் அப்பா தேனப்பன் பர்மாவில் கடை வைத்திருந்து, சண்டைக் காலத்தில் கடையை அப்படியே போட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். வழியில் ஒரு புலி தன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த மனுஷன் உடம்பில் தின்ன ஒன்றுமில்லை என்று ஒதுங்கிப் போனதாக அவரே சொல்வார். புலியைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் அதிகம் பேசுவதில்லை.

ஆவுடையாள் புதுக்கோட்டையில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த 1959-ஆம் வருஷம் அவர் ஒரு நாள் நீளமாகவே பேசினார்.

"டாக்டர் படிப்புக்கு எழுதிப் போடணும்னு சொன்னே. போடு. மெட்ராசுல இருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டா நானே கூட்டிட்டுப் போறேன். ஒரு தடவதான். கெடைச்சாப் படி. கெடைக்கலன்னா அதுக்கடுத்து வர்ற தை மாசம் ஒனக்குக் கல்யாணம். பொன்னமராவதி அத்தைக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

அத்தை மகன் நாச்சியப்பன் நல்ல பையன். அதுதான் சங்கடம். குடிகாரனாக, கோபக்காரனாக இருந்தால் மறுத்துவிட்டுப் போகலாம். இவன் பல் விளக்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். அத்தை அதற்குள் இரண்டு புளியமரத்தை வெட்டிக் கல்யாண விறகு அடுக்கத் தொடங்கிவிட்டாள் என்று செய்தி வந்தது. திருமயம் கோட்டை மேல் ஏறி நின்றால் அந்த விறகுக் குவியல் தெரிகிறது என்று சொன்னவர்களும் உண்டு.

ஆக, இருப்பது ஒரே ஒரு இன்டர்வியூ. ஆவுடையாள் படிப்பில் இறங்கினாள்.

வீட்டில் படித்தது கொஞ்சம், பஸ்ஸில் படித்ததுதான் அதிகம். தினமும் காலையில் அவள் ஏறும் பஸ்ஸின் கண்டக்டர் கருப்பன். எட்டாவதோடு நின்றவர், ஆனாலும் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவள் முணுமுணுத்து உருப்போடுவதைச் சில நாள் பார்த்துவிட்டு அவரே கை நீட்டினார்.

"அந்தப் பொஸ்தகத்த இங்கிட்டுக் குடு தங்கச்சி. நான் கேக்குறேன், நீ சொல்லு. எலும்பு மொத்தம் எத்தனை?"

"எரநூத்தி ஆறு."

"ரைட்," என்றார் கருப்பன். பதில் சரி என்பதற்காகச் சொன்னது. டிரைவர் அதைக் கேட்டு வண்டியை எடுத்துவிட்டார். ஏறப் போன ஒருவர் கொஞ்ச தூரம் ஓடிவந்து ஏறினார்.

அதன் பிறகு அந்த பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பது இரண்டாம் வேலையாகிவிட்டது. மீமிசல் கருவாட்டைக் கூடையில் வைத்து ஊர் ஊராக விற்கும் மருதாயி, ஏறியதும் ஏறாததுமாகக் கேட்பாள்: "ஏப்பா கருப்பா, நேத்து இந்தப் புள்ள கணையத்துல நிப்பாட்டுச்சு. அங்கேருந்து கேளு."

"ஒனக்கு எதுக்குக்கா கணையம்?"

"எனக்கும் ஒண்ணு இருக்குன்னு சொன்னீகள்ல. என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

ஒரு நாள் இதயத்தின் நாலாவது அறைக்குள் ரத்தம் நுழைகிற கட்டத்தில் நமணசமுத்திரம் வந்துவிட்டது. இறங்க வேண்டியவர்கள், ரத்தம் வெளியே வரட்டும், அப்புறம் இறங்குகிறோம் என்று உட்கார்ந்தபடியே புதுக்கோட்டைவரை வந்துவிட்டார்கள். சிரிக்க வேண்டாம், அந்த வருஷம் அந்தத் தடத்தில் போய்வந்த ஆடுகளுக்குக்கூடத் தங்கள் ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும்.

பரீட்சை முடிந்தது. மார்க்கும் நன்றாகவே வந்தது. இன்டர்வியூவுக்கு அழைப்பும் வந்தது. அடுத்த தெரு ராமசுப்பிரமணியன் உடனே வந்து நின்றார். பி.ஏ. படித்து, பல ஆபீஸ்களுக்கு இன்டர்வியூ போய், ஒன்றில்கூட வேலை கிடைக்காதவர். ஆகவே இன்டர்வியூ பற்றி அவருக்குத் தெரிந்த அளவு மாகாணத்தில் யாருக்கும் தெரியாது என்பது அவர் கட்சி.

வளவு முற்றத்தில் ஐந்து நாற்காலி போட்டு, ஐந்திலும் அவரே மாறி மாறி உட்கார்ந்து கேள்வி கேட்டார். ஒரு நாற்காலியில் கோபக்காரர், அடுத்ததில் தூங்குமூஞ்சி, நடுவில் தலைவர்.

"கதவத் தட்டு. உள்ள வரலாமான்னு கேளு. உக்காரச் சொன்னாத்தான் உக்காரணும். கைய மடியில வை. கேக்காத எதையும் சொல்லாத. முக்கியமா, நீ திருப்பிக் கேள்வி கேக்கக் கூடாது."

"ஏன் அண்ணே?"

"இந்தா, இதைத்தான் கேக்கக் கூடாதுங்கறேன்."

அவர் சொல்லித் தராதது ஒன்றே ஒன்றுதான். அதை அவர் சொல்லித் தரவும் முடியாது. அந்த ஊரில் யாருக்கும் அது சொல்லித் தர வேண்டிய விஷயமாகவே படாது.

புறப்படுகிற அன்று தனலட்சுமி பனையோலையில் முடைந்த கொட்டான் ஒன்றைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே சீப்புச்சீடை. அரிசிமாவும் உளுந்துமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, சீப்பு வரி பதித்துச் சுருட்டி, நெய்யில் பொரித்தது. தாயும் மகளும் முதல் நாள் முழுக்க உட்கார்ந்து சுட்டது.

"எந்த வீட்டுக்கு ஆத்தா இது?"

"வீடு என்ன வீடு. அந்த அஞ்சு பேருக்கும்தான். முத முதல்ல அவுக எடத்துக்குப் போறே. கைய வீசிக்கிட்டுப் போனா, பெத்தவ ஒண்ணும் சொல்லிக் குடுக்கலன்னு என்னையத்தான் பேசுவாங்க."

ஆவுடையாளுக்கு அதில் தப்பு எதுவும் தோன்றவில்லை. தேனப்பனுக்கும் தோன்றவில்லை. கொட்டான் ரயிலேறியது.

மெட்ராஸில் அந்தக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் பெஞ்சு நிறையப் பிள்ளைகள். பெரும்பாலும் பையன்கள். ஒவ்வொருவரும் உதட்டை அசைத்து எதையோ உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவுடையாளுக்கோ எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. இத்தனை வருஷமாக அவள் கேட்டதற்கெல்லாம் பதில் தெரிந்தவர்கள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். பியூன் அவள் பெயரைக் கூப்பிட்டான். தேனப்பன், "போயிட்டு வா" என்று மட்டும் சொல்லிக் கொட்டானை அவள் கையில் கொடுத்தார்.

கதவில் இங்கிலீஷில் ஓர் அறிவிப்பு. எந்த விதத்திலாவது சிபாரிசு தேடினால் விண்ணப்பம் தள்ளப்படும். படித்தாள். சிபாரிசு பிடிக்க நமக்கு யாரைத் தெரியும் என்று நினைத்தபடியே தட்டினாள், கேட்டாள், உள்ளே போனாள்.

போனவள் நேராக மேஜைக்கு நடந்து, கொட்டானை நடுவில் வைத்து, துணியை அவிழ்த்துவிட்டு, அதன் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அதில் மூளைக்குச் சம்பந்தமே இல்லை. சின்ன வயதிலிருந்து பழகிய கை தன் பாட்டில் செய்த வேலை.

மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர் கொட்டானையே பார்த்தார்கள். நடுவில் வெள்ளைப் புடவை கட்டிய, நரைத்த தலை அம்மாள், அவர்தான் தலைவர். பக்கத்தில் மெலிந்த ஒருவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இங்கிலீஷில் கேட்டார்:

"வெளியே எழுதியிருப்பதைப் படித்தாயா?"

"படித்தேன் சார்."

"புரிந்ததா?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பொன்னமராவதி விறகு முழுவதும் ஒரே சமயத்தில் பற்றிக்கொண்டதுபோல முகம் சுட்டது. கேட்காததைச் சொல்லாதே என்ற பாடமெல்லாம் பறந்துபோனது.

"இது சிபாரிசு இல்லை சார். எங்கள் பக்கம் முதல் தடவை ஓர் இடத்துக்குப் போனால் வெறுங்கையோடு போவதில்லை. காரியம் ஆவதற்காக மட்டும் இல்லை. என் பெரியப்பச்சி பாகம் பிரிக்கச் சண்டைக்கு வந்தபோதுகூட ஒரு சம்படம் தேன்குழல் கொண்டுவந்தார். கத்தி முடித்ததும் எல்லாரும் உட்கார்ந்து தின்றோம். பாகத்தில் அவர் ஒரு ஜன்னலைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை."

மூலையில் இருந்தவர் இருமினார். சிரிப்பை அப்படி மறைத்தார். தலைவர் அம்மாள் மறைக்கவில்லை. சிரித்து முடித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"இதுக்குப் பேரு என்ன?"

"சீப்புச்சீடைங்க."

"நாங்க இதைத் தொட மாட்டோம். தொட்டா நாங்க தப்புப் பண்ணினவங்க ஆயிடுவோம். ஆனா கொண்டு வந்தவ சாப்பிடலாம், அதுக்கு எந்தத் தடையும் இல்ல. ஒண்ணு எடுத்து வாயில போடு. அது எங்கெங்க போகுது, என்னென்ன ஆகுதுன்னு எங்களுக்குச் சொல்லிக்கிட்டே வா. இங்கிலீஷ்ல."

ஆவுடையாள் ஒரு சீடையை எடுத்துக் கடித்தாள். அந்த நிசப்தத்தில் எழுந்த சத்தம் எழும்பூர் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். தாழ்வாரத்துப் பிள்ளைகள் உள்ளே யாருக்கோ எலும்பு முறிகிறது என்று பயந்துபோனார்கள். ஐந்து பேரும் காத்திருந்தார்கள். அவள் மென்றாள். விழுங்கினாள். பிறகு தொடங்கினாள்.

தொடங்கியதுதான் தெரியும். உமிழ்நீரில் இருக்கும் டயலின் என்ற என்சைம் அரிசிமாவின் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்க ஆரம்பிப்பதில் புறப்பட்டு, உணவுக்குழாயின் அலையசைவில் கீழே இறங்கினாள். இரைப்பைக்கு வந்ததும் மெலிந்தவர் குறுக்கே விழுந்தார்.

"நில். இங்கே ஸ்டார்ச்சுக்கு என்ன ஆகும்?"

"பெரிதாக ஒன்றும் ஆகாது சார். அமிலத்தில் டயலின் வேலை நின்றுவிடும். அரிசி காத்திருக்க வேண்டியதுதான். இங்கே உளுந்துக்குத்தான் வேலை, அது புரதம். பெப்சின் அதைப் பார்த்துக்கொள்ளும்."

"நெய்?"

"நெய்யும் காத்திருக்கும். சிறுகுடலின் தொடக்கத்தில்தான் பித்தநீர் வந்து அதைச் சின்னச் சின்னத் துளியாக உடைக்கும். கணையநீர் மூன்றுக்குமே வரும். மிச்சமிருந்த ஸ்டார்ச்சும் அங்கேதான் தீரும்."

"பித்தப்பையை எடுத்துவிட்டால்?"

"பித்தநீர் ஈரலிலிருந்து நேராக ஒழுகும். சேர்த்து வைக்க இடம் இருக்காது. அப்படிப்பட்டவருக்கு எங்கள் ஆத்தா இத்தனை நெய் ஊற்றக் கூடாது. ஆனால் சார், ஒரு சந்தேகம். வாயில் போடுவதற்கு முன்னாலேயே, பார்த்ததும் எச்சில் ஊறுகிறதே. பார்த்தது கண். வாய்க்கு யார் போய்ச் சொன்னது?"

சொன்ன பிறகுதான் ராமசுப்பிரமணியன் கண்முன் வந்தார். ஆவுடையாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மெலிந்தவர் கண்ணாடியை மேலே ஏற்றினார்.

"உனக்கு எப்படித் தெரியும், பார்த்ததும் ஊறுகிறதென்று?"

"நீங்கள் இப்போது விழுங்கினீர்கள் சார்."

தலைவர் அம்மாள் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிச் சிரித்தார். "போதும். நீ போகலாம். அந்தக் கொட்டானை மறக்காம எடுத்துக்கிட்டுப் போ."

தேனப்பன் முதலில் பார்த்தது மகள் முகத்தையல்ல, கொட்டானைத்தான். கொண்டுபோனபடியே திரும்பி வந்திருந்தது.

"வாங்கிக்கலையா?"

"இல்ல அப்பச்சி. சட்டப்படி வாங்கக் கூடாதாம்."

கொடுத்த பலகாரத்தை ஒருவர் தொடாமல் திருப்பினால் அந்த உறவு வேண்டாம் என்று அர்த்தம். அவர் அறிந்த உலகத்தில் அதற்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது. நடந்ததை ஆவுடையாள் எத்தனை விளக்கியும் அவர் மனசு கொட்டானை விட்டு நகரவில்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்ச் சீட்டுக்காரர்களுக்குச் சீடையை அள்ளி அள்ளிக் கொடுத்தார். செங்கல்பட்டு தாண்டியதும் திடீரென்று பேசினார்.

"வேணாம்னு சொல்ல அவங்க யாரு?"

"அப்பச்சி, அவங்க வேணாம்னு சொல்லல."

"பஸ்ஸுல இருக்கவன் பூராம் ஒன்னைய டாக்டருங்குறான். அவங்களுக்கு மட்டும் தெரியலையா?" இன்னொரு பிடி சீடையை எதிர்ச் சீட்டுக்கு நீட்டினார். "அடுத்த வருசமும் கூப்பிடுவாங்களா?"

ஆவுடையாள் அவரையே பார்த்தாள். ஒரே தடவை என்று சொன்ன மனுஷன் அவர்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த வருஷத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஆனி மாசத்தில் ஒரு நாள் தபால்காரர் முனியசாமி, சைக்கிளை நிறுத்தாமலேயே இறங்கி, மதுரையில் இடம் கிடைத்ததற்கான தாளை நீட்டினார். சைக்கிள் தனியாகக் கொஞ்ச தூரம் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டது. ஆவுடையாள் வாய்க்குள்ளேயே இரண்டு தரம் படித்துவிட்டு, மூன்றாம் தரம் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தாள். தனலட்சுமி மாவுக் கையோடு வந்து மகளைக் கட்டிக்கொண்டதில் ரவிக்கை முழுக்க வெள்ளைக் கை பதிந்தது.

தேனப்பன் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார்.

"எங்கிட்டுக் கெளம்பிட்டீங்க?" என்றாள் தனலட்சுமி.

"பொன்னமராவதிக்கு. வாக்குக் குடுத்தவன் நேர்லதான போயிச் சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"படிச்சு முடிக்க வருசக்கணக்கா ஆகும். நாச்சியப்பன் காத்திருந்தாச் சந்தோசம். முடியாதுன்னா வேற நல்ல எடமாப் பாருங்க, மொத ஆளா நான் வந்து பந்தல்ல நிக்கிறேன்னு சொல்லுவேன்."

"அவுக பேசிப்புடுவாங்களே."

"பேசட்டும். கேட்டுக்கிறேன்."

ஆவுடையாள் தாளை மடித்து ஆத்தா கையில் கொடுத்தாள்.

"நானும் வாரேன் அப்பச்சி. அத்தைகிட்டயும் அவருகிட்டயும் நான் சொல்றதுதான் மொற. படிக்கப் போறவ நான்தான."

தேனப்பன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ரவிக்கைய மாத்திக்கிட்டு வெரசா வா," என்றார். "பஸ் வர்ற நேரமாச்சு."