மோட்டார் மூடியில் ஒரு தேய்ந்த ஸ்க்ரூ

அன்னூர்ப் பக்கம் எங்கள் கிணற்று மோட்டார் ஒரு நாள் ஓடாமல் வெறுமனே உறுமியது. பருத்தி வாடிக்கொண்டிருந்ததால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்நேரம் கரண்டு போயிற்று. இதுதான் சமயமென்று, உள்ளே ஒயர்களைப் பார்க்க மூடியைக் கழற்றினேன். கடைசி ஸ்க்ரூவின் தலை தேய்ந்து, திருப்புளி வழுக்கிக்கொண்டே இருந்தது. ரம்பத்தால் தலையில் புதிதாக ஒரு கோடு அறுத்து, சுத்தியலால் தட்டித் திருகியதும் கழன்றது. சந்தோஷத்தில் சட்டென்று உள்ளே கையை நீட்டினேன்.

“ஏனுங்க, கையை எடுங்க! கரண்டு வந்துபோட்டுதுங்க!” என்று மோட்டார் அறை வாசலில் நின்ற மனைவி அலறினாள். தலைக்குமேல் பல்பு எரிந்தது, மோட்டாரும் உறுமியது. விரலுக்கும் ஒயருக்கும் நெல்மணி அளவுதான் இடைவெளி. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

மெயின் சுவிட்சை அணைக்கவே மறந்திருக்கிறேன்! இப்போதெல்லாம் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்த பிறகே மோட்டாரைத் தொடுகிறேன்.