சங்காவ் பெருக்கிய குன்று

சங்காவ் அளவுக்குக் காட்டைப் பெருக்கிய மனிதர் இந்தப் போர்னியோ தீவிலேயே கிடையாது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அவர் பெருக்கியது முழுக் காட்டை அல்ல. ஊரே ஒரே கூரைக்குக் கீழே வாழ்கிற எங்கள் நீளவீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றில் ஐந்தாறு பாய் விரிக்கிற அளவு இடத்தை. ஆனால் முப்பத்தொரு வருஷம் பெருக்கினார். அதில் கூட்டல் இல்லை.

அந்த இடம் ஒரு ருவாய்ச் சேவலுக்குச் சொந்தமாக இருந்தது. மயில்தோகை மாதிரிச் சிறகெல்லாம் கண் வைத்த அந்தக் காட்டுப் பறவையைப் பார்த்தவர்கள் குறைவு. அதன் குரலைக் கேட்காதவர் இல்லை. விடிந்ததும் ஓர் இலை, ஒரு சுள்ளி விடாமல் அலகால் பொறுக்கி எறிந்து தன் ஆடுகளத்தைச் சுத்தமாக்கும். பிறகு பெட்டையை அழைத்துக் கூவும். இளவட்டமாக இருந்த சங்காவ் அந்தச் சுத்தத்தையே பொறியாக்கினார். கத்தி மாதிரிச் சீவிய மூங்கில் சிம்பைக் களத்தின் நடுவில் ஊன்றினார். குப்பை என்று நினைத்து அதைப் பிடுங்கப்போன சேவல் கழுத்தறுந்து கிடந்தது. அறுவடைத் திருவிழாவில் அதன் இறகைத் தலையில் செருகிக்கொண்டு அவர் ஆடிய ஆட்டத்தில்தான் இம்பிங் மயங்கி அவரைக் கட்டிக்கொண்டாள்.

சேவல் செத்த மறுநாளிலிருந்து குன்று கூவவில்லை. மகள் லுன்சா பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகி ஆற்றின் கீழ்ப்பக்கம் போனாள். குன்று ஊமையாகவே இருந்தது.

களம் சுத்தமாக இருந்தால் வேறொரு சேவல் வந்து சேரும் என்று சங்காவுக்கு ஒரு நம்பிக்கை. மிளகுத் தோட்டத்துக்குப் போகும் வழியில் தினமும் ஏறி, பறவை மாதிரியே குனிந்து, கையால் இலை பொறுக்குவார். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குரங்கு கத்தும், மழை வரும், அது மட்டும் வராது.

"லுன்சா அப்பா, நீங்க காட்டுக்கு மருமகளா வாக்கப்பட்டிருக்கலாம்" என்பாள் இம்பிங். "நம்ம வீட்டுல விளக்குமாறு எந்த மூலையில இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

போன வருஷம் அவர் காய்ச்சலில் பதினோரு நாள் பாயை விட்டு எழவில்லை. பன்னிரண்டாம் நாள் தடியை ஊன்றிக் குன்றேறியபோது, இலை முழங்கால் வரை குவிந்திருக்கும் என்று பயந்துகொண்டே போனார். களம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒரு விளக்குமாறு கிடந்தது; அது அவர் கண்ணில் படவில்லை. சற்றுத் தள்ளி, மரங்களுக்குள்ளிருந்து, ஒரு கூவல். தடியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு நாளும் அதுவே பெருக்கியிருக்கிறது என்று அன்று சாயங்காலம் நீளவீடு முழுக்கச் சொல்லித் திரிந்தார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பாய் முடைந்துகொண்டிருந்த இம்பிங் தலை நிமிரவில்லை.

"ரெண்டே நாளுதான். முதல் ஒம்பது நாள் நான் பெருக்கினேன். ராப்பகலா 'இலை, இலை'ன்னு நீங்க பொலம்பினா வேற என்ன செய்ய? ஒம்பதாம் நாள் அலுத்துப்போய் விளக்குமாத்த அங்கயே நட்டநடுவுல போட்டுட்டு வந்துட்டேன். மறுநாள் போய்ப் பாத்தா, யாரோ அத ஓரமா இழுத்துப் போட்டிருந்தாங்க."