வேகமுள் பூச்சியத்தில் விழுந்தபோது

எங்கள் பழைய ஓட்டோமெட்டிக் காரின் வேகமுள் ஒரு வாரமாகவே துள்ளிக்கொண்டிருந்தது. மீற்றர்தான் பழுது, ஓடுவதற்கு என்ன குறை என்று இருந்துவிட்டேன்.

எட்டு மாதக் கர்ப்பிணியான தங்கையைத் தோப்பூரிலிருந்து திருகோணமலைக்குக் கிளினிக் கூட்டிப் போன காலையில், கிண்ணியாப் பாலத்தின் நடுவே முள் சட்டென்று பூச்சியத்தில் விழுந்தது. மறுகணம் கார் தானாகவே கீழ் கியருக்கு மாறிக் குலுங்கியது. எஞ்சின் அலறியது, வேகம் சரிந்தது. நான் பிரேக்கைத் தொடவேயில்லை. அதனால் பின்னால் வந்த லொறிக்குச் சிவப்பு விளக்கும் தெரியவில்லை.

"அக்கா, பின்னால பாருங்கோ!" தங்கை வயிற்றைப் பொத்திக்கொண்டு கத்தினாள். கண்ணாடி முழுவதும் லொறியின் முகம். டயர்கள் கிறீச்சிட, ஒரு முழம் தள்ளி அது நின்றது.

ஊர்ந்து போய்ப் பாலத்துக்கு அப்பால் ஒரு கராஜில் காரை விட்டுவிட்டு, ஓட்டோவில் கிளினிக் போனோம். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்தபோது மெக்கானிக் காரின் சில்லுகளை நிலத்திலிருந்து தூக்கிச் சுழற்றி, டெஸ்டரால் வயரைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"மீற்றர் நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. கியர்பெட்டியில இருந்து முள்ளுக்கும் கியருக்கும் வேகம் சொல்லுற ஸ்பீட் சென்சர்தான் பழுது. கார் நிண்டுட்டுதெண்டு நினைச்சு கியர் இறங்கியிருக்கு."

"இன்னும் கொஞ்ச நாள் ஓடலாமா, நானா?" என்று அந்த அண்ணனைக் கேட்டேன்.

"ஏலாது. இண்டைக்கே மாத்துங்க."

அன்றே மாற்றினேன். இப்போது எந்த முள் வழக்கம் மாறி ஆடினாலும் காரை வெளியே எடுப்பதில்லை, பஸ்ஸில் போகிறேன்.