பக்கவாட்டில் சனி

எழுபதுகளின் நடுவில், ஒரு வருஷத்தின் பெரும்பகுதி, என் அக்கா சாயங்கால வேளைகளில் ஒரு மண்ணெண்ணெய் பீப்பாயைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். மயிலாப்பூரில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் அது நின்றது. அதன் தலையில் ஒரு தடித்த வட்டக் கண்ணாடி, அதன்மேல் இன்னொன்று, நடுவே கண்ணாடியை அராவும் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும். மேல் கண்ணாடியை முன்னும் பின்னுமாகத் தேய்ப்பாள், ஓர் அடி நகர்வாள், மறுபடி தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்க மேல் கண்ணாடி மெல்லக் குழியும். குழிந்ததைப் பளபளப்பாக்கி வெள்ளி பூசினால் அது ஒரு டெலஸ்கோப்பின் உயிர்.

இரண்டு கண்ணாடியும் மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. ஏதோ கப்பலின் ஜன்னல்களாக இருந்தவை என்று கடைக்காரர் சொன்னார். கடலைப் பார்த்துச் சலித்த கண்ணாடி இனி வானத்தைப் பார்க்கட்டும் என்று நான் ஒரு வாக்கியம் தயாரித்துச் சொன்னேன்.

“அந்த வாளியை எடு” என்றாள் அக்கா.

அவள் கோபாலபுரத்தில் ஒரு சிறிய பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். பாடப்புத்தகத்தில் சூரியக் குடும்பத்துக்கு ஒரே ஒரு பக்கம். அதில் சனி, தொப்பி போட்ட எலுமிச்சம்பழம் மாதிரி அச்சாகியிருந்தது. “மனுஷா நிலாவுல நடந்துட்டு வந்தாச்சு. இந்தக் குழந்தைகள் சனியை எலுமிச்சம்பழம்னு நெனச்சுண்டே பாஸ் பண்ணிட்டுப் போறதுகள்” என்பாள். பீப்பாய் அதற்காகத்தான்.

கீழ் வீட்டு மாமிக்கு இது தெரியாது. ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

“ஏண்டா, உங்க அக்கா தெனம் பிரதட்சணம் பண்றாளே, என்ன வேண்டுதல்? கல்யாணத்துக்கா?”

“சனிக்காக, மாமி.”

“அதானே பார்த்தேன். அதுக்கு ஒம்போது சுத்து போறுமேடா. எந்த ஜோசியன் இவ்வளவு சொன்னான்?”

நான் அப்போது தி.நகரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா; சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பகுத்தறிவுவாதி. லெண்டிங் லைப்ரரி வாசலில் நண்பர்களுக்கு மாமியைப் போல நடித்துக் காட்டி நல்ல பெயர் வாங்கினேன்.

குழிந்த கண்ணாடி தகரக் குழாய்க்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் உண்மையான இடைஞ்சல் வந்தது. அது தலைமையாசிரியை வடிவில் வந்தது. கண்டிப்பானவர், நியாயமானவர், கணக்குப் பட்டதாரி, கடக ராசி. சனி அப்போது கடகத்தில் இருந்தது. ஏழரைச் சனியிலேயே மோசமான நடுப்பகுதி. கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றும்போதுகூடச் சனிக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிறவர்.

“நிலாவைக் காட்டுங்க டீச்சர். வியாழனைக் காட்டுங்க, அவர் நல்லவர். சனி வேணாம். அவர் பாட்டுக்கு இருக்கார், நாமளே குழாய் வெச்சுக் கூப்பிடணுமா?”

அக்கா விவாதிக்கவில்லை. ஒரே ஒரு சாயங்காலம் கேட்டாள். அவரும் யோசித்துவிட்டுச் சொன்னார்: “வெச்சுப் பாருங்க. நான் வந்து நிக்கிறேன். எனக்குச் சரின்னு பட்டா வாராவாரம் நடத்துங்க. இல்லேன்னா குழாயை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடணும்.”

ஆக, பீப்பாயைச் சுற்றிய அத்தனை சுற்றும் ஒரு பெண்மணியின் ஒரு பார்வையில் தொங்கியது.

குழாயைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு. சைக்கிள் ரிக்‌ஷாவில் குறுக்கே போட்டு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இன்னா சார் இது, பீரங்கியா?” என்றார் ரிக்‌ஷாக்காரர்.

“டெலஸ்கோப். சனியைப் பார்க்க.”

கொஞ்ச தூரம் மிதித்தார். “அது எங்கூட்லயே கீது சார்” என்றார்.

மாசி மாதம். இருட்டத் தொடங்கும்போதே கிழக்கில் சனி நன்றாக மேலே ஏறியிருந்தது. பள்ளி மொட்டை மாடியில் பெண்கள், அவர்களுக்குத் துணையாக வந்த அப்பாக்கள். அப்பாக்கள் வானத்தைப் பார்க்கவில்லை, தலைமையாசிரியையைப் பார்த்தார்கள். அவரோ தண்ணீர்த் தொட்டியருகே, சனிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அக்கா குழாயைத் தட்டிக் காட்டி விளக்கினாள். “வெளிச்சம் இது வழியா அடிக்குப் போகும். அங்க இருக்கிற கண்ணாடி அதைத் திருப்பி மேல அனுப்பும். மேல சாய்வா ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கு, அது பக்கவாட்டுல தள்ளிவிடும். அதனாலதான் கண் வைக்கிற இடம் பக்கத்துல இருக்கு.”

தொட்டிப் பக்கமிருந்து குரல் வந்தது. “டீச்சர், அப்போ சனியை நேரா பார்க்க மாட்டோமா?”

“மாட்டோம் மேடம். சனி நம்ம தோள் பக்கம் இருக்கும். நாம பார்க்கிறது கண்ணாடியில விழுந்த பிம்பம்.”

“பக்கவாட்டுல நின்னுட்டு.”

“பக்கவாட்டுலதான் நிக்க முடியும் மேடம்.”

இந்தக் குழாயைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரர் நம் சாஸ்திரம் படித்தவர் போலிருக்கிறது என்று ஒரு வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா என் காலை மிதித்தாள். அவளைப் பொறுத்தவரை அது ஒளியைப் பற்றிய கேள்வி. ஒளியைப் பற்றியே பதில் சொன்னாள். முன் வரிசைப் பெண் கேட்டிருந்தாலும் அதே பதில், அதே முகம். அவளிடம் நான் இன்றும் பொறாமைப்படுவது அந்த முகத்துக்காகத்தான்.

தலைமையாசிரியை வந்தார். தோளைச் சனிக்குக் கொடுத்து, குனிந்து கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

“படம் வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு” என்றார். பிறகு, “ஐயோ, ஓரமா நகருதே. போயிடுச்சு.”

“படமா இருந்தா போகாது மேடம். சனியும் போகலை. பூமி சுத்துது, குழாயும் கூடவே திரும்பிடுச்சு.”

“நாமதான் நகர்றோமா?”

“நாமதான்.”

அவர் நிமிர்ந்தார். “எங்க இருக்கு அது?”

அக்கா கை காட்டினாள். தலைமையாசிரியை திரும்பி நின்று, முகத்தை உயர்த்தி, சனியை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மாடியில் இருந்த எல்லாரும் அதைக் கவனித்தோம். அக்கா என் காலை இன்னொரு முறை மிதித்தாள், முன்னெச்சரிக்கையாக.

“வரிசையா நில்லுங்க, தள்ளாதீங்க. வாராவாரம் உண்டு” என்றார் அவர், பெண்களிடம்.

“எந்தக் கிழமை வெச்சுக்கலாம் மேடம்?”

“சனிக்கிழமைதான். வேறென்ன?”

பெண்கள் பார்த்தார்கள். அப்பாக்கள் இரண்டு முறை பார்த்தார்கள். என் முறை கடைசியில் வந்தது. எனக்கும் கடக ராசி. லைப்ரரி நண்பர்களுக்குத் தெரியாது. தேவைக்குச் சற்று அதிகமாகவே தோளைத் திருப்பிக்கொண்டு குனிந்தேன். கறுப்புத் தண்ணீரில் ஒரு மஞ்சள் மணி, அதைத் தொடாமல் சுற்றி ஒரு வளையம். எனக்கு வாக்கியம் எதுவும் வரவில்லை.

“நேரா நில்லுடா, குழாயை இடிக்கறே” என்றாள் அக்கா.